பேக்லாக்குக்கு ஒரு நவராத்திரி வேணும்

வாங்கி வெச்சு விளையாடாம கிடக்குற வீடியோ கேம் ஒரு குவியல். வாங்கி வெச்சு பெயிண்ட் அடிக்காம கிடக்குற குட்டி பொம்மைங்க இன்னொரு குவியல். இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு வீட்ல இருக்குறவங்களுக்கான பதிவு இது. ரெண்டும் இல்லையா? புத்தகக் கண்காட்சியில வாங்கின புத்தகத்தை எல்லாம் படிச்சு முடிச்சாச்சான்னு ஒரு தடவை அலமாரியைப் பாருங்க. ஆக, யாரும் தப்பிக்க முடியாது :-)

இந்தக் குவியலுக்கு கேம் ஆளுங்க வெச்ச பேரு பேக்லாக். பொம்மை ஆளுங்க இன்னும் ஒரு படி மேல போய் 'வெட்கக் குவியல்'னே பேரு வெச்சிருக்காங்க. எனக்கு இந்த ரெண்டு பேருமே பிடிக்கல. பேக்லாக்னா ஆபீஸ்ல தேங்கின ஃபைல், காலேஜ்ல விழுந்த அரியர். ஆணி பிடுங்கிட்டு வீட்டுக்கு வந்து உக்கார்ந்தா அங்கயும் தேங்கின ஃபைலா? பொழுதுபோக்கைக் கடன் பாக்கி மாதிரி பாக்க ஆரம்பிச்சா, அதைத் தீர்க்குறதுக்கும் கடன் தீர்க்குற மூஞ்சியோடதான் உக்காருவோம்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன். இந்தக் குவியலுக்குத் தேவை கட்டுப்பாடு இல்லை, சபதம் இல்லை, எக்ஸெல் ஷீட்டும் இல்லை. ஒரு தேதியும், வந்து பாக்க ஒரு ஆளும்தான். அதாவது, ஒரு நவராத்திரி.

விளக்கமா சொல்றேன்.

மினியேச்சர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மேஜை மேல வெச்சு ஆடுற போர் விளையாட்டுக்கான பொம்மைங்க. ஒரு ஆளோட உயரம் 28லிருந்து 32 மில்லிமீட்டர், நம்ம கட்டைவிரலோட மேல் கணு அளவு. பிளாஸ்டிக் சட்டத்துல துண்டு துண்டா வரும். நறுக்கி, ஒட்டி, நாமதான் வண்ணம் அடிக்கணும். பொம்மை சிப்பாய்களை வெச்சு ஆடுறதுக்கு 1913-லயே எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு விதிப் புத்தகம் போட்டார். இன்னைக்கு இந்த உலகத்துல பெரிய கை இங்கிலாந்தோட கேம்ஸ் வொர்க்‌ஷாப். 1983-ல வார்ஹாமர், 1987-ல வார்ஹாமர் 40,000. ஒரு படைன்னா அம்பது அறுபது பொம்மை. ஒவ்வொண்ணுக்கும் பெல்ட்டு, பித்தான், கண்ணு. குவியாம என்ன பண்ணும்?

கேம் பக்கம் நிலைமை இன்னும் மோசம். ஸ்டீம் கடை 2003-ல வந்தது. ஆர்ஸ் டெக்னிகா தளம் 2014-ல ஒரு கணக்கு எடுத்துப் பாத்தப்ப, ஸ்டீம்ல ஜனங்க கையில இருந்த கேம்ல சுமார் 37 சதம் ஒரு தடவைகூட திறக்கப்படல. திறந்து பத்து நிமிஷத்துல மூடினது இதுல சேர்த்தி இல்லை, திறக்கவே இல்லை! அந்தப் பக்கம், ஸ்டீமே வெளியிட்ட 2024 வருஷக் கணக்குல, ஜனங்க விளையாடின நேரத்துல அந்த வருஷம் வந்த புது கேமுக்குப் போனது 15 சதம்தான். மீதி 85 சதமும் பழசு. புதுசு மேல ஆசை, பழசு மேல பாசம். இந்த ரெண்டுக்கும் நடுவுல விழுந்து தூசி படியுறதுதான் நம்ம குவியல்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்த ரெண்டு குவியலையும் தனித்தனியா தீர்க்க முடியாது, சேர்த்தாதான் தீரும். காரணம் ரொம்ப சிம்பிள். பெயிண்ட் காயணும். முதல்ல ப்ரைமர், அது காயணும். மேல மெல்லிசா ஒரு கோட்டு, காயணும். அது மேல இன்னொரு மெல்லிசு கோட்டு. தடியா ஒரே கோட்டா அடிச்சா முகத்துல இருக்குற மூக்கு வாய் எல்லாம் மூடிப் போய் கொழுக்கட்டை மாதிரி ஆயிடும். அப்புறம் வாஷ், அதாவது தண்ணியா கரைச்ச கருஞ்சாயம். பள்ளத்துல எல்லாம் இறங்கி நிழல் குடுக்கும். அது காய அரை மணி ஆகும், மழை நாள்ல இன்னும் அதிகம். அந்த அரை மணி நேரம் பொம்மையை முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா கை சும்மா இருக்காது. ஈரத்துல இன்னொரு தீத்து தீத்தும், எல்லாம் பாழ். அந்த அரை மணிக்குத்தான் கேம்.

ஆனா எல்லா கேமும் இதுக்கு ஆகாது. முறை வெச்சு ஆடுற கேம், எப்ப வேணா நிறுத்திட்டு எழுந்திரிக்கிற கேம்தான் லாயக்கு. எக்ஸ்காம் 2, ஸ்லே தி ஸ்பயர் மாதிரி. ஆன்லைன்ல நாலு பேரோட சுட்டுக்கிட்டு இருக்கும்போது "இருங்கப்பா, ஒரு கோட்டு அடிச்சுட்டு வந்துடுறேன்"னு சொன்னா என்ன திட்டு விழும்னு ஆடினவங்களுக்குத் தெரியும்.

எங்க திருப்புலிவனத்துக்குன்னு தனிப் பஞ்சாங்கமும் இருக்கு. சித்திரை வைகாசியில அக்ரிலிக் பெயிண்ட் தட்டுல ஊத்தின அஞ்சாவது நிமிஷம் தோசைக்கல்லு மேல ஊத்தின மாவு மாதிரி இறுகிடும். அதுக்கு ஈரத் தட்டு வேணும். கடையில வாங்க வேண்டாம். மூடி உள்ள டிபன் பாக்ஸ், அடியில நனைச்ச ஸ்பாஞ்ச், மேல பேக்கரிக்காரங்க கேக்குக்கு அடியில போடுற காகிதம். தீர்ந்தது விஷயம். ஐப்பசி கார்த்திகையில கதையே தலைகீழ். காத்துல ஈரம் இருக்கும்போது ஸ்ப்ரே ப்ரைமர் அடிச்சா மேல வெள்ளையா சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். அந்த ரெண்டு மாசமும் ஸ்ப்ரேயைத் தொடாம பிரஷ்ல ப்ரைமர் அடிக்கணும், இல்லைன்னா கேம் ஆடணும். வெயில் காலம் பொம்மைக்கு, மழைக் காலம் கேமுக்குன்னு மானாவாரிக் கணக்கு மாதிரி பிரிச்சுக்கலாம், கரண்ட் இருந்தா :-)

இவ்வளவும் எப்படிங்குற கேள்விக்கான பதில். எதுக்குங்குற கேள்வி அப்படியே இருக்கு. "இந்த வருஷம் புதுசா ஒண்ணும் வாங்க மாட்டேன், இருக்குறதை முடிப்பேன்"னு ஜனவரி ஒண்ணாந்தேதி சபதம் போடுற கூட்டத்தை ஒவ்வொரு வருஷமும் பாக்குறோம். பொங்கல் தள்ளுபடி வரைக்கும் தாங்குறவங்க பாக்கியசாலிங்க. ஏன் தாங்கல? சபதத்துல தேதி இருக்கு, ஆனா அந்தத் தேதியில யாரும் வர்றது இல்லை. டிசம்பர் 31 ராத்திரி யாரும் கதவைத் தட்டி "எங்க, முடிச்சதைக் காட்டு"ன்னு கேக்குறது இல்லை.

இங்கதான் கொலு ஞாபகம் வருது.

யோசிச்சுப் பாருங்க. வண்ணம் அடிச்ச குட்டி உருவங்களைச் சேர்க்குறது, வகை வகையா படியில அடுக்குறது, மலை, பூங்கா, குளம்னு அடியில ஒரு காட்சி ஜோடிக்கிறது. இங்கிலாந்துக்காரன் இதுக்கு டயோரமான்னு பேரு வெச்சு போட்டி நடத்துறான். நம்ம வீட்டுப் பொம்பளைங்க புரட்டாசி அமாவாசையானா பெட்டியை இறக்கி, ஒத்தைப்படையில படி கட்டி, சத்தமில்லாம பண்ணிட்டு இருக்காங்க. வருஷத்துல ஒன்பது ராத்திரி தவிர மத்த நாள் எல்லாம் அந்தப் பொம்மைங்க பெட்டிக்குள்ளதான் கிடக்கு. பழைய வேட்டித் துணி சுத்தி, பரண் மேல. யாராவது அதை பேக்லாக்னு சொல்றோமா? வெட்கக் குவியல்னு சொல்றோமா? இல்லை. ஏன்னா அதுக்கு ஒரு முறை வரும். வரும்போது ஊர் வந்து பாக்கும். சுண்டல் வாங்க வர்ற பசங்க "இந்தச் செட்டியார் போன வருஷம் மேல் படியிலதானே இருந்தாரு"ன்னு கேக்கும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சா ஆட்டம் முடிஞ்சது. எல்லாம் திரும்பப் பெட்டிக்குள்ள.

காஞ்சிபுரத்துல பொம்மைக்காரத் தெருன்னே ஒரு தெரு இருக்கு. களிமண்ணுலயும் காகிதக் கூழுலயும் கொலு பொம்மை பண்ற குடும்பங்க. அச்சுல ரெண்டு பாதியா எடுத்து, ஒட்டி, நிழல்ல காய வெச்சு, வெள்ளைப் பூச்சு பூசி, அப்புறம் வண்ணம். வரிசை நம்ம மினியேச்சர் வரிசையேதான்: ப்ரைமர், அடி நிறம், நுணுக்கம். ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மினியேச்சர் அடிக்கிறவங்கள்ல பல பேரு கண்ணை முதல்லயே வரைஞ்சுடுவாங்க. கோணிச்சுன்னா சுத்தி தோல் நிறத்தை வெச்சுத் திருத்திக்கலாமாம். நம்ம கோயில் சிலை மரபுல கண் திறக்குறது கடைசி. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அது நம்மளைப் பாக்கணும்.

அந்தத் தெருவோட கணக்கையும் கொஞ்சம் யோசிங்க. பேக்லாக் பேக்லாக்னு நாம புலம்புறது வாங்குறவன் கஷ்டம். அதே குவியல் செய்யுறவன் வீட்ல இருந்தா அதுக்குப் பேரு தேங்கின சரக்கு. நவராத்திரி முடிஞ்சா அடுத்த புரட்டாசி வரைக்கும் முடங்கின காசு. அவங்களுக்கும் அதே தேதிதான், ஆனா விளையாட்டுக்கு இல்லை, பொழப்புக்கு. மழை முன்னாடியே வந்து பொம்மை காயலைன்னா "அடுத்த மாசம் முடிச்சுக்கலாம்"னு அவங்க சொல்ல முடியாது. அதனால கொலுவுக்கு வருஷா வருஷம் புதுசா ஒண்ணாவது சேர்க்கணும்ங்குற வழக்கத்தை நான் முழு மனசா ஆதரிக்கிறேன். 'ஒண்ணாவது'ங்குறதுல இருக்குற அளவைக் கவனிங்க. தள்ளுபடியில முப்பது வாங்குறதும் புதுசு வாங்குறதுதான், வருஷத்துக்கு ஒண்ணு வாங்குறதும் புதுசு வாங்குறதுதான். ரெண்டாவதுல வாங்கினது எதுன்னு பத்து வருஷம் கழிச்சும் ஞாபகம் இருக்கும். காஞ்சிபுரத்துல 2019-ல அத்திவரதர் 40 வருஷம் கழிச்சு குளத்துல இருந்து வெளிய வந்தப்ப, 48 நாள் ஊரே திரண்டுச்சு. 40 வருஷம் தண்ணிக்குள்ள இருந்ததை யாரும் குறையா நினைக்கல. வர்ற தேதி தெரிஞ்சிருந்தா காத்திருக்குறது பாரம் இல்லை.

நிற்க.

அப்போ குவியல்ல இருந்து எதை எடுக்குறது? இதுக்கும் பக்கத்துலயே விடை இருக்கு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு. பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. குடவோலை முறை. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, பேரு எழுதின ஓலையை குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றது. பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குப் படிச்சுட்டு மறந்த விஷயம்தான். ஆனா அந்தக் கல்வெட்டோட தகுதி விதிகளை கேம் குவியல் மேல வெச்சுப் பாருங்க, அப்படியே பொருந்தும்.

குறைஞ்ச வயசு 35. கேமுக்கு 35 மாசம்னு வெச்சுக்கங்க. அதுக்குள்ள ஓட்டை உடைசல் எல்லாம் சரி பண்ணியிருப்பாங்க, விலையும் இறங்கியிருக்கும். கடைசி மூணு வருஷத்துல பதவியில இருந்தவங்க பேரு குடத்துக்குள்ள போகக்கூடாது. ஒரே வகை கேமைத் திரும்பத் திரும்ப ஆடுறவங்களுக்கு இது. எல்லாத்தையும்விட முக்கியமானது: பதவியில இருந்து கணக்கு காட்டாதவங்க நிக்கக்கூடாது, அவங்க சொந்தக்காரங்களும் நிக்கக்கூடாது. அதாவது முதல் பாகத்துக்கு கணக்கு காட்டாம ரெண்டாம் பாகம் குடத்துக்குள்ள வரவே கூடாது. டிஎல்சி எல்லாம் மச்சான் மாமன் கணக்குல சேர்த்தி :-) பதவிக்காலம் 360 நாள், அதுக்கு மேல ஒருத்தரும் உக்கார முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி இதை எழுதினவங்களுக்கு மனுஷனோட பலவீனம் நல்லா தெரிஞ்சிருக்கு.

எங்க வீட்ல ஓலைக்குப் பதிலா துண்டுச் சீட்டு, குடத்துக்குப் பதிலா எவர்சில்வர் சொம்பு. எடுக்குறது பக்கத்து வீட்டுக் குட்டிப் பொண்ணு. அவ எடுத்ததை மாத்துற அதிகாரம் எனக்கு இல்லை. வீட்டு தங்கமணிதான் சாட்சி. இதோட அருமை என்னன்னா, எதை ஆடலாம்னு பட்டியலைப் பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் ஓட்டுற வேலை மிச்சம்.

இப்போ தேதி. ராத்திரிக்கு ஒரு மணி நேரம், ஒன்பது ராத்திரி, மொத்தம் ஒன்பது மணி. இதுக்குள்ள என்ன முடியும்? விட்சர் 3-ஐத் தூக்கி உள்ள வெச்சா கதை மட்டுமே 50 மணி நேரம், அது நவராத்திரி தாண்டிடும். ஆனா வெண்பா சுமாரா ஒன்றரை மணி. எ ஷார்ட் ஹைக் ஒன்றரை மணி. ஃபயர்வாட்ச் நாலு மணி. ஜர்னி ரெண்டு மணி. கூட்டிப் பாருங்க, சரியா ஒன்பது. நாலு கேம், நவராத்திரிக்குள்ள முடிஞ்சுது. கேம்னா நூறு மணி நேரம் இருந்தாதான் காசுக்கு மதிப்புன்னு ஒரு கூட்டம் சொல்லும். எனக்கு அது முழுச் சாப்பாட்டுல ரசத்தை அளந்து பாக்குற புத்தி மாதிரி படுது. ஒன்றரை மணி நேரத்துல மனசுல நிக்கிறது நிக்கும்.

வெண்பாவைப் பத்தி தனியா சொல்லணும். 2023-ல டொரண்டோல இருக்குற விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். அம்மாவோட பழைய சமையல் நோட்டு கிழிஞ்சும் அழிஞ்சும் போயிருக்கும். விட்டுப்போனதை நாம யூகிச்சு சமைக்கணும். 2024-ல பாஃப்டா விருதுல சிறந்த அறிமுக கேம் பரிசு வாங்கினது. இதைத் தனியா ஆடாதீங்க, அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு ஆடுங்க. எங்க அம்மா வாழ்நாள்ல கண்ட்ரோலரைத் தொட்டது இல்லை. இட்லி கட்டம் வந்ததும் "தட்டை அப்படி அடுக்காதடா, ஓட்டை மேல ஓட்டை வந்தா ஆவி எப்படிப் போகும்"னு ஆரம்பிச்சவங்க, பையன் தமிழ்ல பேசக் கூச்சப்படுற இடத்துல பேச்சை நிறுத்திட்டாங்க. கேம் முடிஞ்சதும் "இன்னொரு தடவை போடு"ன்னாங்க. என் குவியல்லயே ரெண்டு தடவை ஆடப்பட்ட ஒரே கேம் அதுதான். காரணம் கேமோட நீளம் இல்லை, பாக்க ஒரு ஆள் இருந்தது.

"பொழுதுபோக்குன்னா எனக்காக பண்றது, அடுத்தவன் பாக்கணும்னு என்ன அவசியம்?"னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஊரைக் கூட்டச் சொல்லல. ஒரு ஆள் போதும். கொலு வெக்கிற வீட்டுக்கு வர்றதும் நாலைஞ்சு பேருதான். காட்டுறதுங்குறது பெருமைக்கு இல்லை, முடிவு கட்டுறதுக்கு. பெயிண்ட் அடிக்கிறவங்களுக்குத் தெரியும், ஒரு பொம்மைக்கு முடிவே கிடையாது. இன்னொரு கோட்டு, இன்னொரு வெளிச்சக் கோடுன்னு இழுத்துக்கிட்டே போகலாம். "நாளைக்கு அமாவாசை, படியில வெச்சாகணும்"னு வந்தா பிரஷ்ஷைக் கழுவிடுவோம். அதே மாதிரி ஒரு நாள் கட்டாய ஓய்வும் வேணும். சரஸ்வதி பூஜை அன்னைக்கு புத்தகம், கருவி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு தொடாம இருக்குறோம் இல்லையா, பிரஷ்ஷுக்கும் கண்ட்ரோலருக்கும் அதே மரியாதை.

கடைசியா ஒரு விஷயம், இதுதான் எனக்கு உண்மையிலேயே உறுத்துற விஷயம். பொம்மை இடத்தை அடைக்குது, கேம் இடத்தை அடைக்கல, அதனால பொம்மைக் குவியல்தான் பிரச்சனைன்னு வீட்ல நினைக்கிறாங்க. நேர் எதிர். ஸ்டீம்ல நாம வாங்குறது கேம் இல்லை, உரிமம். 2024 அக்டோபர்ல இருந்து காசு கட்டுற பக்கத்துலயே அதை எழுதிப் போடுறாங்க. கணக்கை உயில் எழுதி யாருக்கும் குடுக்க முடியாது. 2014-ல வந்த 'தி க்ரூ' கேமோட சர்வரை 2024 மார்ச் 31-ல யூபிசாஃப்ட் அணைச்சப்ப, காசு குடுத்து வாங்கினவங்களால தனியா உக்காந்துகூட ஓட்ட முடியாம போச்சு. மரப்பாச்சி அப்படி இல்லை. செஞ்சந்தனக் கட்டை, கல்யாணத்துல பொண்ணு கூடவே போகும், பேத்தி கொலுவுலயும் நிக்கும். பரண் மேல பெட்டியில இருக்குற பொம்மை பத்து வருஷம் காத்திருக்கும். கேம் காத்திருக்கும்னு உத்தரவாதம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குவியலுக்குத்தான் தேதி அவசரமா வேணும்.

மினியேச்சர் அடிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேலை தர்றேன். அடுத்த பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுப் பரண்ல இருக்குற கொலு பெட்டியைப் பிரிங்க. மூக்கு உடைஞ்ச செட்டியார், கை போன கிருஷ்ணர், வண்ணம் உதிர்ந்த தசாவதாரம் கண்டிப்பா இருக்கும். தண்ணி விட்டுக் கழுவிடாதீங்க, காகிதக் கூழா இருந்தா கரைஞ்சே போயிடும். காய்ஞ்ச பிரஷ்ல தூசி தட்டி, உடைஞ்ச இடத்துல புட்டி வெச்சு, காய விட்டு, மெல்லிசா ரெண்டு கோட்டு. 28 மில்லிமீட்டர்ல பித்தான் வரைஞ்ச கைக்கு ஒன்பது அங்குலக் கிருஷ்ணர் எம்மாத்திரம்? அது காயற நேரத்துல சொம்புல இருந்து ஒரு சீட்டு எடுங்க. அமாவாசைக்குள்ள முடியும். முடிஞ்சதை அம்மா மேல் படியில வெப்பாங்க.

டிஸ்கி: உங்க வீட்டுச் சொம்புல முதல்ல எந்தக் கேம் வந்ததுன்னு சொல்லிட்டுப் போங்க. ரெண்டாம் பாகம் எல்லாம் செல்லாது, முதல் பாகத்துக்குக் கணக்கு காட்டணும் :-)